காசில் கோழியும் குஞ்சும் வைத்த கவிஞர்

1928-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி.

அயர்லாந்து நாட்டின் கடைத்தெருவில் புதுக்காசு புழக்கத்துக்கு வந்தது. ரொட்டி வாங்கப் போனவர்களும், டிராம் வண்டியில் ஏறியவர்களும் கையில் கிடைத்த சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அதுவரை அவர்கள் கண்ட காசுகளில் இங்கிலாந்து ராஜாவின் தலை இருக்கும். புதுக்காசில் ராஜாவைக் காணோம்! ஒரு பக்கம் யாழ். மறுபக்கம் கோழி! ஐந்து குஞ்சுகளை அணைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கோழி!

இன்னொரு காசில் குட்டிகளுடன் ஒரு பன்றி. இன்னொன்றில் உட்கார்ந்திருக்கும் முயல். வேறொன்றில் துள்ளும் மீன்.

சிலர் சிரித்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். சிலர் பேசாமல் ஒரு காசை எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்தினார்கள்.

ராஜாவை இறக்கிவிட்டுக் கோழியை ஏற்றிய குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற ஒரு கவிஞர். நோபல் பரிசு பெற்றவர். அவர் பெயர் வில்லியம் பட்லர் யேட்ஸ்.

மந்தமான பையன்

யேட்ஸ் 1865-ம் ஆண்டு ஜுன் 13-ந் தேதி டப்ளின் நகரை அடுத்த சாண்டிமவுண்ட் என்ற இடத்தில் பிறந்தார்.

தந்தை ஜான் வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் அவர் மனம் சித்திரத்தில் இருந்தது. வக்கீல் தொழிலை உதறிவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தார். கலை வளர்ந்தது, காசு வளரவில்லை. குடும்பத்தில் எப்போதும் பணக் கஷ்டம்.

தாய் சூசன், மேற்குக் கடற்கரையில் உள்ள ஸ்லைகோ என்ற துறைமுக ஊரைச் சேர்ந்தவர். தாய்வழித் தாத்தாவுக்குக் கப்பல் இருந்தது. மாவு மில் இருந்தது. சிறுவன் யேட்ஸ் தாத்தா வீட்டில் பல மாதங்கள் இருப்பான். மலை, கடல், சால்மன் மீன் ஏறும் ஆறுகள், புல்வெளியில் மேயும் குதிரைகள், பழங்கதை சொல்லும் கிழவர்கள் - இவைதான் அவனுடைய முதல் பள்ளிக்கூடம்.

உண்மையான பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் அவனுக்கு ஏறவே இல்லை. வயது ஏறியும் படிக்க வரவில்லை. மாமன்மாரும் சித்திமாரும் ஆள் மாற்றி ஆள் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. பையன் மந்தம் என்று முடிவு கட்டினார்கள். கடைசியில் தந்தைதான் பொறுமையாகப் படிக்க வைத்தார்.

வாழ்நாள் முழுவதும் யேட்சுக்கு எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வரவில்லை. அவர்தான் பிற்காலத்தில் ஆங்கில மொழியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர் ஆனார்! பிந்திப் படித்தவன் பின்தங்கித்தான் போவான் என்று யார் சொன்னது?

ஒரு பிடி மண்

பிழைப்புக்காகக் குடும்பம் லண்டனில் குடியிருந்தது. பள்ளியில் ஆங்கிலேயப் பையன்கள் அவனை அயர்லாந்துக்காரன் என்று கேலி செய்தார்கள். சண்டை வந்தது. அடி விழுந்தது.

ஒருநாள் யேட்சும் அவன் தங்கையும் லண்டன் தெருவில் ஒரு தண்ணீர்க் குழாயடியில் நின்று ஸ்லைகோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கண்ணில் நீர் முட்டியது. ஸ்லைகோவின் வயலிலிருந்து ஒரு பிடி மண் இருந்தால் போதும், அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று சிறுவன் ஏங்கினான்.

பிறந்த மண்ணின் ஒரு துண்டு கையில் வேண்டும். அந்தச் சிறுபிள்ளை ஏக்கம் அவர் வயதானபோதும் மறையவில்லை.

சிறுவயதில் அவருக்கு இயற்கை ஆராய்ச்சியில் பைத்தியம். அந்துப் பூச்சிகளையும் வண்ணத்துப் பூச்சிகளையும் பிடித்துச் சேர்ப்பார். பெரியவனானதும் இயற்கை ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று கனவு கண்டார். கனவு கவிதைப் பக்கம் திரும்பியது. 1884-ல் டப்ளின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம் தொழிலாகவில்லை. ஆனால் ஓர் உருவம் அழகாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கண் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கண் நாட்டுக்குப் பயன்பட்டது.

கைகூடாத காதல்

1889-ல் யேட்சுக்கு வயது 23. ஒருநாள் அவர் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினாள் ஒரு பெண். பெயர் மாட் கான். நல்ல உயரம், கண்ணைப் பறிக்கும் அழகு. அயர்லாந்து விடுதலைக்காகக் கூட்டம் கூட்டமாகப் பேசி வந்த வீராங்கனை.

அன்றே யேட்ஸ் தன் இதயத்தை இழந்தார். தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டார். அவள் மறுத்தாள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் மறுத்தாள். 1903-ல் அவள் மக்பிரைட் என்ற போர்வீரரை மணந்தாள்.

துயரத்தை யேட்ஸ் கவிதையில் கொட்டினார். உழைப்பில் மறந்தார். லேடி கிரிகரி என்ற அம்மையாருடன் சேர்ந்து அயர்லாந்துக்கு ஒரு சொந்த நாடக மேடை அமைத்தார். அதுதான் 1904-ல் டப்ளினில் திறக்கப்பட்ட ஆபி நாடகசாலை.

இந்தியாவுக்கும் அவர் நண்பர். 1912-ல் லண்டனில் ரவீந்திரநாத தாகூரின் கவிதைகளைப் படித்து மனம் உருகினார். கீதாஞ்சலியின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் யேட்ஸ்தான். அடுத்த ஆண்டே தாகூருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1916-ல் டப்ளினில் விடுதலைப் புரட்சி வெடித்தது. ஆங்கில அரசாங்கம் அதை நசுக்கியது. சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் மாட் கானின் கணவரும் ஒருவர். யேட்ஸ் மீண்டும் ஒருமுறை அவளிடம் திருமணம் பற்றிக் கேட்டார். மீண்டும் மறுப்பு. 1917-ல் ஜார்ஜி என்ற 25 வயதுப் பெண்ணை அவர் மணந்தார். அப்போது அவருக்கு வயது 52. ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

குண்டும் பதக்கமும்

1922-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அயர்லாந்தின் பெரும்பகுதி சுதந்திர நாடு என்ற பெயரில் தனி ஆட்சி பெற்றது. பார்லிமெண்டின் மேல்சபைக்கு யேட்ஸ் நியமிக்கப்பட்டார்.

அது பூமாலை பதவி அல்ல. இங்கிலாந்துடன் செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அண்ணன் தம்பி சண்டை மூண்டது. மேல்சபை அங்கத்தினர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. யேட்சின் டப்ளின் வீட்டு ஜன்னலைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. வாசலில் போலீஸ் காவல் போடப்பட்டது.

1923 நவம்பரில் ஓர் இரவு. யேட்சுக்கு நோபல் பரிசு என்ற செய்தி வந்தது. நள்ளிரவு கழிந்துவிட்டது. கணவனும் மனைவியும் மட்டும் வீட்டில். கொண்டாட ஒரு பாட்டில் ஒயின் கிடைக்குமா என்று நிலவறையில் தேடினார்கள். இல்லை! இருந்த சாசேஜ்களைச் சமைத்துத் தின்று கொண்டாடினார்கள்.

பரிசு வாங்க ஸ்வீடன் நாட்டுக்குப் போனார். அங்கே தந்த பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யாழ் மீட்டும் கலைமகள் ஒருத்தி. அவள் பாட்டைக் கேட்டு எழுதும் இளைஞன் ஒருவன். சின்ன உலோகத் தகட்டில் எவ்வளவு பெரிய சேதி! அந்தப் படம் அவர் மனதை விட்டு அகலவில்லை.

காசில் எதைப் போடுவது?

சொந்த ஆட்சி வந்துவிட்டது. கொடி வந்துவிட்டது. ஆனால் சட்டைப் பையில் இன்னும் அந்நிய ராஜாவின் தலைதான்! 1926-ல் நாணயச் சட்டம் நிறைவேறியது. புதுக்காசின் உருவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் யேட்ஸ்.

நிதி மந்திரி எர்னஸ்ட் பிளைத் சில நிபந்தனைகள் விதித்தார். பெரும்பாலான காசுகளில் ஒரு பக்கம் யாழ் இருக்க வேண்டும். எழுத்து முழுவதும் அயர்லாந்து மொழியிலேயே இருக்க வேண்டும். இக்கால மனிதர் எவருடைய உருவமும் இருக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. தாய்நாட்டின் அந்தப் பழைய மொழி யேட்சுக்கே சரியாக வராது!

யாழ் ஒரு பக்கம் ஆயிற்று. மறுபக்கம் என்ன போடுவது? இந்தக் கேள்வி புதிதாக விடுதலை பெறும் ஒவ்வொரு நாட்டுக்கும் வருவதுதான். 1950-ல் இந்தியாவுக்கும் வந்தது. அசோகர் தூணில் உள்ள குதிரை காலணாவில் ஏறியது. காளை ஓரணாவில் ஏறியது.

அயர்லாந்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். புனிதர்களின் உருவத்தைப் போடலாமே? வேண்டாம் என்றது குழு. அதைத் துளையிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள், காசு தாயத்தாகிவிடும். மூவிலைச் செடி, பழைய கோபுரம் ஆகியவற்றைப் போடலாமே? அவை எங்கு பார்த்தாலும் இருப்பவை, அலுத்துப் போனவை.

அப்படியானால் நாட்டு மக்கள் அனைவரும் அறிந்தது எது? ஜாதி, மதம், கட்சி என்ற சண்டை இல்லாதது எது?

அயர்லாந்து விவசாய நாடு. ஆடு மாடும் கோழியும் குதிரையும்தான் அதன் செல்வம். காட்டில் பறவை, ஆற்றில் மீன். ஒப்பந்தத்தை ஏற்றவனும் கோழி வளர்க்கிறான். எதிர்த்தவனும் கோழி வளர்க்கிறான். கோழிக்குக் கட்சி கிடையாது!

நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் போடுவது என்று முடிவாயிற்று.

யேட்சுக்கு இதில் இன்னொரு ஆசையும் இருந்தது. பழங்காலக் கிரேக்கர்களின் காசுகள் அவருக்கு உயிர். மெஸ்ஸானா நகரத்துக் காசில் முயல் ஓடும். தூரி நகரத்துக் காசில் காளை முட்டும். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவற்றின் அழகு குறையவில்லை. ஏழை கையில் புழங்கும் காசும் அப்படி அழகாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். படம் மாட்ட வசதி இல்லாத வீட்டுக்கும் காசு போகிறது அல்லவா?

பெயர் தெரியாத போட்டி

பல நாட்டுச் சிற்பிகளுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. வழிகாட்டியாக அந்தக் கிரேக்கக் காசுகளின் போட்டோ படங்களும் அனுப்பப்பட்டன. அயர்லாந்துச் சிற்பிகளுடன் அமெரிக்காவின் பால் மான்ஷிப், ஸ்வீடனின் கார்ல் மில்லெஸ், இத்தாலியின் மார்பிதூச்சி, இங்கிலாந்தின் பெர்சி மெட்காப் ஆகியோர் மாதிரிகள் செய்து அனுப்பினார்கள்.

மாதிரிகளை வரிசையாக வைத்தார்கள். எது யாருடையது என்று குழுவுக்குத் தெரியாது. பெயர் மறைக்கப்பட்டிருந்தது. எவர் முகத்தையும் பார்க்காமல் வேலையை மட்டும் பார்ப்பதற்காக இந்த ஏற்பாடு.

ஒருவருடைய மாதிரிகள் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று நின்றன. கோடு சுத்தம். உருவம் உயிரோட்டம். எட்டுக் காசுகளும் ஒரே குடும்பம் போல இருந்தன. அவையே தேர்ந்தெடுக்கப்பட்டன.

பெயரைப் பிரித்துப் பார்த்தால், பெர்சி மெட்காப். இங்கிலாந்துக்காரர்!

எந்த நாட்டு ராஜாவின் தலையை எடுக்க வந்தார்களோ, அந்த நாட்டுச் சிற்பியே வென்றுவிட்டார். குழு தயங்கவில்லை. நல்ல வேலை யார் செய்தாலும் நல்ல வேலைதான். (இதே மெட்காப்தான் பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ் பெற்ற ஜார்ஜ் சிலுவைப் பதக்கத்தையும் வடிவமைத்தார்.)

பன்றிக்கு வந்த வம்பு

அடுத்த சோதனை விவசாய நிபுணர்களிடமிருந்து வந்தது. மாதிரிகள் அவர்கள் பார்வைக்குப் போயின. பன்றியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். அதன் தாடை சரியில்லை. இப்படிப்பட்ட பன்றி இறைச்சிச் சந்தையில் விலை போகாது என்றார்கள். காளையிலும் குறை கண்டார்கள்.

சிற்பி பார்த்தது அழகு. நிபுணர் பார்த்தது ஜாதி லட்சணம். என்ன செய்வது?

யேட்ஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. விவசாயியின் காசில் விவசாயி ஒப்புக்கொள்ளாத பன்றி இருக்கலாமா? உருவங்கள் திருத்தப்பட்டன. முதல் காளை போய்விட்டதே என்ற வருத்தம் மட்டும் அவருக்கு இருந்தது. குழு வேலை செய்த விதத்தை விவரித்து எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் அவரே நகைச்சுவையுடன் குறிப்பிட்டிருக்கிறார்.

எந்தக் காசில் எது?

நான்கு பார்திங் ஒரு பென்னி. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். இதுதான் அப்போதைய கணக்கு. சிறிய காசு முதல் பெரிய காசு வரை வரிசையாகப் பார்ப்போம்.

பார்திங்: காட்டு உள்ளான் என்னும் நீண்ட மூக்குப் பறவை.

அரைப் பென்னி: குட்டிகளுடன் தாய்ப்பன்றி. அயர்லாந்துக் குடியானவன் பன்றியை விற்றுத்தான் நிலத்துக்கு வாடகை கட்டுவான்.

ஒரு பென்னி: கோழியும் ஐந்து குஞ்சுகளும். முட்டை விற்ற காசு குடும்பத் தலைவியின் கைச்செலவுக்கு.

மூன்று பென்னி: முயல். அந்த மண்ணிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் இனம்.

ஆறு பென்னி: ஓநாய் வேட்டை நாய். ஒரு காலத்தில் ஓநாயை விரட்டிய உயரமான நாய். 19-ம் நூற்றாண்டில் இந்த இனம் அழியும் நிலைக்கு வந்து, பிறகு அன்பர்களின் முயற்சியால் பிழைத்தது.

ஒரு ஷில்லிங்: காளை.

இரண்டு ஷில்லிங்: சால்மன் மீன். இதைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஓர் ஆற்றில் ஞான மீன் ஒன்று இருந்ததாம். முதலில் அதைச் சுவைப்பவனுக்கு உலக அறிவெல்லாம் வந்துவிடுமாம். குருவுக்காக அதைச் சுட்ட சிறுவன் பின் விரலைச் சுட்டுக்கொண்டான். வலி தாங்காமல் விரலை வாயில் வைத்தான். ஞானம் அவனுக்குப் போய்விட்டது!

அரைக் கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங்: குதிரை.

பெரிய காசு மூன்றிலும் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி. அடுத்த இரண்டும் நிக்கல். சின்னக் காசு மூன்றும் வெண்கலம்.

கண்டனம்

காசு வெளிவந்ததும் புயல் கிளம்பியது. கிறிஸ்தவ நாட்டின் காசில் ஒரு கிறிஸ்தவச் சின்னம்கூட இல்லையே என்று பக்தர்கள் குமுறினார்கள். பத்திரிகைகளில் கண்டனக் கடிதங்கள் வந்தன.

பன்றி பலருக்கு உறுத்தியது. காரணம் உண்டு. ஆங்கிலக் கேலிச் சித்திரக்காரர்கள் அயர்லாந்துக்காரனைப் பன்றியும் கையுமாக வரைவது வழக்கம். இப்போது நாமே பன்றியைக் காசில் போட்டுக்கொண்டோமே என்று சிலர் நொந்தார்கள்.

எல்லாவற்றிலும் கூர்மையான அம்பு மாட் கானிடமிருந்து வந்தது. இங்கிலாந்துக்காரன் வரைந்தது, இங்கிலாந்தில் அச்சடித்தது, பணம் மட்டும் அயர்லாந்து மக்களுடையது என்று அவர் இடித்துரைத்தார். முப்பத்தொன்பது ஆண்டுகளாக மனதில் வைத்துப் பூசித்த பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல்!

அவர் சொன்னதில் பொய் இல்லை. காசுகள் அச்சானது லண்டன் நாணயச் சாலையில்தான். ஆனால் காசில் இருந்தது எந்த நாட்டுக் கோழி? எந்த ஆற்று மீன்? அதைப் பார்க்க மட்டும் கோபம் இடம் கொடுக்கவில்லை.

யேட்ஸ் அப்போது அயர்லாந்தில் இல்லை. உடல் நலம் குன்றி, மேல்சபையிலிருந்தும் விலகி, இத்தாலியில் ராப்பல்லோ என்ற ஊரில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். காசுகளுக்காக வாதாடக் காசுகளே அங்கே இருந்தன.

நாள் ஆக ஆகக் கூச்சல் அடங்கியது. குழந்தைகள் கோழிக்காசைக் கேட்டு வாங்கினார்கள். வெளிநாட்டார் அந்தக் காசுகளின் அழகைப் புகழ்ந்தார்கள். வெறுத்தவர்களின் பையிலும் முயல் ஓடியது, மீன் துள்ளியது.

கடைசிப் பயணம்

1939-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, தென் பிரான்சில் யேட்ஸ் காலமானார். வயது 73. உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை.

1948-ல்தான் அது நடந்தது. அயர்லாந்துக் கடற்படைக் கப்பலில் சவப்பெட்டி கொண்டுவரப்பட்டது. அரசாங்கத்தின் சார்பில் அதை எதிர்கொண்டவர் வெளிநாட்டு மந்திரி ஷான் மக்பிரைட். அவர் யார் தெரியுமா? மாட் கானின் மகன்!

ஸ்லைகோவை அடுத்த டிரம்கிளிப் மாதா கோவில் மைதானத்தில், அவர் நேசித்த மலையின் அடியில், அவரை அடக்கம் செய்தார்கள். சிறுவயதில் ஒரு பிடி மண்ணுக்கு ஏங்கியவர் அந்த மண்ணிலேயே கலந்தார். அன்று கூடியிருந்தவர்களின் பைகளில் அவருடைய குழு தேர்ந்தெடுத்த காசுகள் குலுங்கின.

காசுகளின் கதி

காசுக்கும் ஆயுள் உண்டு. 1943-க்குப் பிறகு வெள்ளிக் காசு அடிப்பது நின்றது. 1951 முதல் பெரிய காசுகளும் செம்பு-நிக்கல் கலவையில் வந்தன. பார்திங் செல்லாமல் போயிற்று. 1969-ல் அரைப் பென்னிப் பன்றியும் அரைக் கிரவுன் குதிரையும் விடைபெற்றன. 1971-ல் தசம முறை வந்தது. கோழியும் முயலும் மறைந்தன.

காளையும் சால்மனும் புதுக் காசுகளில் தொடர்ந்தன. காட்டு உள்ளான் 50 பென்னிக் காசுக்கு மாறியது. குதிரை 1986-ல் 20 பென்னிக் காசில் திரும்பி வந்தது. 2002-ல் யூரோ நாணயம் வந்ததும் எல்லா விலங்குகளும் இறங்கிக்கொண்டன. யாழ் மட்டும் நிற்கிறது.

கடையில் செல்லாத காசு, சேர்ப்பவர் கையில் செல்வமாயிற்று. 1928-லேயே எட்டுக் காசுகளையும் பளபளப்பாக அடித்துப் பெட்டியில் வைத்துச் சுமார் 6,000 தொகுதிகள் விற்றார்கள். ஆனால் அன்றாடம் புழங்கித் தேய்ந்த காசைச் சேர்ப்பதில்தான் பலருக்கு இன்பம். எத்தனை கை மாறிய காசு அது!

சேர்ப்பவர்கள் முதலில் ஆண்டைப் பார்ப்பார்கள். 1937 வரை அச்சான காசில் சுதந்திர நாடு என்ற பொருளுள்ள பெயர் இருக்கும். 1939 முதல் எய்ரே என்ற பெயர். 1943-ம் ஆண்டின் இரண்டு ஷில்லிங் காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் அது மிக அரிது. 1938-ம் ஆண்டுப் பென்னி இரண்டே இரண்டுதான் உலகத்துக்குத் தெரியும்!

குழந்தைகளுக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பழைய ஆறு பென்னி நாயையும் மூன்று பென்னி முயலையும் காந்தத்தின் அருகே வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அவை நிக்கல். 1942-க்குப் பிறகு வந்தவை ஒட்டாது. அவற்றில் செம்பு கலந்திருக்கிறது.

புளி போடாதீர்கள்!

எந்த நாட்டுக் காசானாலும் காப்பாற்றும் முறை ஒன்றுதான்.

பழைய காசு கிடைத்ததும் புளி போட்டுத் தேய்க்கக் கை துடிக்கும். கூடாது! சாம்பல், பல்பொடி, எலுமிச்சம்பழம் எதுவும் கூடாது. பளபளப்பு ஒரு நாள் இருக்கும். தேய்ந்துபோன கோழியின் சிறகு திரும்பி வராது. வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. அது காசுக்குப் போர்வை. தேய்த்த காசுக்குச் சேர்ப்பவர்களிடம் மதிப்பும் குறைவு.

மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஈரம் முழுவதும் உலர வேண்டும்.

காசைத் தூக்கும்போது ஓரத்தைப் பிடிக்க வேண்டும். விரலில் உள்ள வியர்வை படத்தின் மேல் பட்டால் கறை விழும்.

பல காசுகளை ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கக் கூடாது. ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைத்து, உறையின் மேல் நாடு, ஆண்டு, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதி வைப்பது நல்லது. காசை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் வெள்ளி கறுத்துப் போகும். மெத்தென்ற மலிவுப் பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்தால் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். ஈரச் சுவர் ஓரமும், சமையல் அறையும் காசுக்கு ஆகாது.

கையில் ஒரு துண்டு நாடு

யேட்ஸ் எழுதிய கவிதைகளைப் படிக்கப் படிப்பு வேண்டும். நாடகம் பார்க்க டிக்கட் வேண்டும். ஆனால் அவர் தலைமையில் வந்த காசை அறியப் படிப்பும் வேண்டாம், டிக்கட்டும் வேண்டாம். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் கோழி தெரியும். எழுத்துக் கூட்டத் திணறும் பையனுக்கும் முயல் தெரியும்.

அவரும் ஒரு காலத்தில் எழுத்துக் கூட்டத் திணறிய பையன்தானே!

லண்டன் தெருவில் நின்று, சொந்த ஊரின் ஒரு பிடி மண் கையில் வேண்டும் என்று அழுதான் ஒரு சிறுவன். அவனுக்கு அன்று அது கிடைக்கவில்லை. அறுபதைத் தாண்டிய வயதில் அவன் தன் நாட்டு மக்கள் அத்தனை பேர் கையிலும் நாட்டின் ஒரு துண்டை வைத்தான்.

ஒரு பென்னிதான் அதன் விலை.